வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றொரு மின்னஞ்சல்

கேள்வி: நாங்கள் எழுபது பேர் பணிபுரியும் கட்டுமான நிறுவனம். ஒரே நேரத்தில் நான்கைந்து தளங்களில் வேலை நடக்கும். கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மைக்ரோசாஃப்ட் 365 சேவையில் புதிதாகச் சேர்ந்து, மின்னஞ்சல், கோப்புகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினோம். சென்ற மாதம், எங்களுக்குக் கம்பி வழங்கும் நிறுவனத்தின் பெயரில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடிதத் தொடரிலேயே ஒரு பதில் வந்தது. தங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் இம்முறை புதிய கணக்கில் பணம் செலுத்தும்படி கேட்டிருந்தார்கள். பில் எண், தொகை, கொள்முதல் ஆணை எண் எல்லாம் சரியாக இருந்தன. வேறொரு வேலையாக அவர்களுடன் தொலைபேசியில் பேச நேர்ந்ததால் மட்டுமே தப்பித்தோம். பிறகு பார்த்தால், எங்கள் கொள்முதல் மேலாளரின் அஞ்சல்பெட்டியில், வரும் கடிதங்களைத் தானாக நகர்த்தும் விதி ஒன்று, அவர் அமைக்காதது, இருந்தது. விதியை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றினோம். கிளவுடில் இருப்பதைச் சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்கிறார் எங்கள் உரிமையாளர். கணினிகளைப் பராமரிப்பவர் புதிதாக ஒரு பாதுகாப்பு மென்பொருள் வாங்கச் சொல்கிறார். தளத்தில் இருப்பவர்களோ எந்தக் கெடுபிடிக்கும் இணங்க மாட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பணம் போகவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது, "விதியை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றினோம்" என்ற வரி. உள்ளே வந்தவன் இன்னும் உள்ளேயே இருக்கக்கூடும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பார்ப்போம்.

உங்கள் தளத்தின் வாயிலில் காவலர் காலையில் அடையாளத்தைச் சரிபார்த்து ஒரு நுழைவுச் சீட்டைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சீட்டைக் காட்டினால் போதும், யாரும் மறுபடி அடையாளம் கேட்பதில்லை. மின்னஞ்சல் சேவையும் அப்படித்தான் இயங்குகிறது. ஒருமுறை உள்நுழைந்ததும் உலாவியிடம் ஓர் அனுமதிச் சீட்டு தரப்படுகிறது. கடவுச்சொல்லை மாற்றினால் வாயிலில் கேட்கப்படும் கேள்வி மாறும். கையில் சீட்டோடு ஏற்கெனவே உள்ளே நிற்பவனை அது உடனே வெளியேற்றிவிடும் என்று நம்ப முடியாது. எனவே நிர்வாகப் பகுதிக்குப் போய், அந்தப் பயனரின் எல்லா அமர்வுகளையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் சில இடங்களில் பழைய சீட்டு ஒரு மணி நேரம் அளவுக்குச் செல்லுபடியாகும். அந்த நேரத்தில் கணக்கை முடக்கியே வைத்திருங்கள்.

அடுத்து, அந்தக் கணக்கில் சரிபார்ப்புக்காகப் பதிவாகியிருக்கும் தொலைபேசிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு நிறுவனத்தில் இதே போன்ற ஒரு ஊடுருவலைச் சரிசெய்யப் போயிருந்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன், விதியை நீக்கினேன், வேலை முடிந்தது என்று திரும்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு துணை ஒப்பந்ததாரருக்குப் போக வேண்டிய பணம் வேறெங்கோ போனது. ஊடுருவியவன் தன் சொந்தத் தொலைபேசியையும் அந்தக் கணக்கில் சரிபார்ப்புக் கருவியாகச் சேர்த்து வைத்திருந்தான். நான் பார்க்கவே இல்லை. அங்கிருந்த கணக்காளர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அது இன்றுவரை என் மனத்தில் இருக்கிறது.

தொலைபேசிகளுக்குப் பிறகு, வெளி முகவரிக்குத் தானாக நகல் போகும் அமைப்பு இருக்கிறதா, அஞ்சல்பெட்டியைத் திறக்க வேறு யாருக்கேனும் அனுமதி தரப்பட்டிருக்கிறதா, அந்தக் கணக்கோடு இணைக்கப்பட்ட வெளிச் செயலிகள் எவை என்று பாருங்கள். வெளிச் செயலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இந்தச் செயலி உங்கள் அஞ்சலைப் படிக்க அனுமதிக்கிறீர்களா" என்ற கேள்விக்கு ஒரு முறை ஆம் என்று அழுத்திவிட்டால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்த அனுமதி நிலைத்திருக்கும். பயனர்கள் தாங்களாகவே இப்படி அனுமதி தருவதை நிர்வாகப் பகுதியில் நிறுத்திவிடலாம். வெளியே தானாக அஞ்சல் போவதையும் நிறுவனம் முழுமைக்கும் தடை செய்யலாம். இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த விதியைப் போல வேறு அஞ்சல்பெட்டிகளிலும் இருக்கிறதா என்றும் தேடுங்கள். வழக்கமாக அவை ஒரு புள்ளியையோ அரைப்புள்ளியையோ பெயராகக் கொண்டிருக்கும். குறிப்பிட்ட நிறுவனத்திடமிருந்து வரும் கடிதங்களை, யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் (செய்தியோடை) கோப்புறைக்கு நகர்த்திவிடும். உண்மையான கம்பி நிறுவனம் "பணம் வரவில்லையே" என்று எழுதினால் அது உங்கள் மேலாளரின் கண்ணில் படக்கூடாது. விதியின் வேலை அதுதான்.

யார் எப்போது நுழைந்து என்ன செய்தார் என்று சேவையே குறித்து வைக்கும் தணிக்கைப் பதிவு 180 நாட்களுக்கு இருக்கும். காலம் கடப்பதற்குள் அதைப் பதிவிறக்கி வையுங்கள். எந்த நாளில், எங்கிருந்து முதல் நுழைவு நடந்தது, எந்தக் கோப்புகள் திறக்கப்பட்டன என்று அதில் தேட வேண்டும். கொள்முதல் மேலாளரின் பெட்டியில் விலைப்பட்டியல்களும், நீங்கள் போடவிருக்கும் ஒப்பந்தப்புள்ளிகளின் கணக்கும் இருந்திருக்கும். அவை வெளியே போயிருந்தால் அதன் விளைவு இந்த ஒரு பில்லோடு நிற்காது. போலி மின்னஞ்சல் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், சிறிய திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரி அசலாகவே இருந்தால், கம்பி நிறுவனத்தின் அஞ்சல்பெட்டியும் திறந்து கிடக்கிறது என்று பொருள். அவர்களிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. உங்கள் பெயரிலும் மற்றவர்களுக்குக் கடிதம் போயிருக்கலாம் என்பதால், அந்த மேலாளர் அண்மையில் எழுதியவர்கள் அனைவருக்கும் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

இனி, உங்கள் தொழிலை ஏன் தேடி வருகிறார்கள் என்பது. தளத்தின் முகப்பில் நீங்களே ஒரு பலகை வைக்கிறீர்கள். உரிமையாளர் யார், கட்டடக் கலைஞர் யார், ஒப்பந்ததாரர் யார், எப்போது முடியும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் ரன்னிங் பில் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தேதியில் போகிறது. தொகைகள் பெரியவை. ஒவ்வொரு வேலைக்கும் புதிய துணை ஒப்பந்ததாரர்கள் வருவதால் அறிமுகமில்லாத பெயரும் புதிய வங்கிக் கணக்கும் யாருக்கும் வியப்பூட்டுவதில்லை. ஏமாற்றுபவனுக்கு இதைவிட வசதியான இடம் அமைவது கடினம்.

2017 ஆகஸ்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள மெக்யூவன் பல்கலைக்கழகம், தன் கட்டுமான ஒப்பந்ததாரரின் பெயரில் வந்த மின்னஞ்சலை நம்பி வங்கிக் கணக்கு விவரத்தை மாற்றி, 1 கோடியே 18 லட்சம் கனடிய டாலரை அனுப்பியது. பணம் வரவில்லை என்று உண்மையான நிறுவனம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. 2019-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், பிரன்ஸ்விக் நகரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் புதுப்பிப்பு வேலையிலும் இதே கதை. ஊழியர் இருவரின் அஞ்சல் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், ஒப்பந்ததாரரின் வங்கி மாறிவிட்டது என்று நம்பவைத்தார்கள். "இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே" என்று ஒப்பந்ததாரர் தொலைபேசியில் கேட்டபோது, 17 லட்சத்து 50 ஆயிரம் டாலர் போய்விட்டிருந்தது. இந்த வகை மின்னஞ்சல் மோசடியால் 2023-இல் தங்களிடம் புகாரான இழப்பு மட்டும் சுமார் 290 கோடி டாலர் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்கிட்டது.

இரண்டு சம்பவங்களிலும் உண்மை வெளிவந்தது ஒரு தொலைபேசி அழைப்பால். நீங்கள் தப்பித்ததும் அதனால்தான். அந்த அழைப்பு தற்செயலாக நடந்தது, அதை நடைமுறையாக்குங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் முதன்மையானது இதுவே, இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், ஒப்பந்தக் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்கள் அழைத்து, உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசி உறுதி செய்த பிறகே பதிவேட்டில் மாற்ற வேண்டும். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. உறுதி செய்பவர் ஒருவராகவும் பணம் அனுப்புபவர் இன்னொருவராகவும் இருக்க வேண்டும். "எங்கள் தொலைபேசி எண் மாறிவிட்டது" என்ற கடிதத்தையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். கணக்கு மாற்றத்துக்கு முன்னோட்டமாக அதை அனுப்புகிறார்கள். இனி போடும் ஒப்பந்தங்களில், வங்கி விவரங்கள் மின்னஞ்சல் வழியாக மட்டும் மாற்றப்பட மாட்டா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பணமும் வேறெங்கும் போகாமல் இருக்க வேண்டுமே.

நீங்கள்தான் அழைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். உங்களுக்கு வரும் அழைப்பு எதையும் உறுதி செய்யாது. சிட்னி ஓபரா ஹவுஸின் கட்டமைப்புப் பொறியியலைச் செய்த அரூப் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில், 2024-இல், காணொலிக் கூட்டமொன்றில் தன் மேலதிகாரிகளைப் பார்த்ததாக நம்பிய ஓர் ஊழியர் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்த முகங்களும் குரல்களும் கணினியில் உருவாக்கப்பட்ட போலிகள். உங்கள் உரிமையாளர் ஊரில் இல்லாத நாளில் "அவசரம், உடனே அனுப்பு" என்று அவர் பெயரில் செய்தி வந்தால் நீங்கள் அவரைத் திருப்பி அழைப்பீர்கள், அதற்காக அவர் கோபிக்கக் கூடாது. இந்த உறுதியை அவரிடமே முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்வது இன்னும் நல்லது.

சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்ற அவரது நம்பிக்கையில் பாதி சரி. கணினிக் கிடங்கின் கதவையும் மின்சாரத்தையும் வட்டுகளையும் அவர்கள் காக்கிறார்கள், நம்மில் யாராலும் முடியாத அளவுக்கு நன்றாகவே காக்கிறார்கள். சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. சரியான சாவியோடு வருபவனை அவர்கள் உள்ளே விடத்தான் செய்வார்கள். கணக்குகளைக் கைப்பற்றும் முயற்சிகளில் 99.9 சதவீதத்தை இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு தொலைபேசி போன்ற இன்னொன்றாலும் உறுதி கேட்பது) தடுத்துவிடும் என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்தப் பூட்டு உங்கள் சந்தாவிலேயே இருக்கிறது, தனியாகக் கட்டணமில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 2019 அக்டோபர் 22-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் 365 நிறுவனக் கணக்குகளில் அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பு தொடக்கத்திலேயே இயங்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பும் அதில் அடக்கம். உங்கள் கணக்கு இரண்டு ஆண்டுப் பழையது. அப்படியானால் அவன் எப்படி உள்ளே வந்தான்? ஒன்று, யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். தள அலுவலகத்தில் உள்ள ஸ்கேனர் மின்னஞ்சல் அனுப்ப மறுத்தது என்று அணைத்துவிட்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்கேனர் அஞ்சல் அனுப்பத் தனி வழி ஒன்றை அமைக்கச் சொல்லிவிட்டு, எழுபது பேரின் பாதுகாப்பை மீண்டும் இயக்குங்கள். மற்றொரு வாய்ப்பு, உங்கள் மேலாளர் ஒரு போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் சரிபார்ப்பு எண்ணையும் இட்டிருக்கிறார். அந்தப் பக்கம் இடையில் நின்று இரண்டையும் உண்மையான சேவைக்கு அனுப்பி, திரும்பி வரும் நுழைவுச் சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஒப்பந்தப்புள்ளி அழைப்பு, திருத்தப்பட்ட வரைபடம் என்ற பெயரில் ஓர் இணைப்பு வந்திருக்கும். அவரைக் குற்றவாளிபோல் விசாரிக்காமல், நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இன்று இவரைத் தலைகுனிய வைத்தால், நாளை தவறாக எதையோ அழுத்திவிட்ட இன்னொருவர் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்.

அந்த இடைநிற்கும் பக்கத்தைச் செயலியில் வரும் எண்ணாலோ குறுஞ்செய்தியாலோ தடுக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தொலைபேசியிலோ கணினியிலோ சேமிக்கப்படும் கடவுச்சாவி (பாஸ்கீ), அல்லது கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி தடுக்கும். இணையதளத்தின் உண்மையான முகவரியைச் சாவியே ஒப்பிட்டுப் பார்ப்பதால், போலிப் பக்கத்தில் அது வேலை செய்யாது. கணக்குப் பிரிவு, கொள்முதல், உரிமையாளர், நிர்வாகிகள் ஆகியோருக்கு இதைக் கொடுங்கள், ஆளுக்கு இரண்டாக. ஒன்று தொலைந்தால் வேலை நிற்கக் கூடாது. இவர்கள் சாவியால் மட்டுமே நுழைய முடியும்படி அமைக்கச் சொல்லுங்கள். எண்ணாலும் நுழையலாம் என்று வழி திறந்திருந்தால் போலிப் பக்கம் அந்த வழியைத்தான் கேட்கும். மற்றவர்களுக்குச் சரிபார்ப்புச் செயலி போதும். திரையில் தெரியும் எண்ணைத் தொலைபேசியில் தட்டச்சு செய்யும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்தில் கட்டாயமாக்கியது. தூக்கக் கலக்கத்தில் அனுமதி என்று அழுத்திவிடும் ஆபத்து அதனால் குறைந்திருக்கிறது.

தளத்தில் இருப்பவர்கள் இணங்க மாட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கான்கிரீட் லாரி வந்து நிற்கும்போது, கையுறையோடு, வெயிலில், யாராலும் ஆறு இலக்க எண் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவரவர் தொலைபேசியை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் தினமும் கேட்காது என்பதைச் சொல்லுங்கள். சுற்றறிக்கையாக அனுப்பாதீர்கள். ஒருவரைத் தளத்துக்கே அனுப்பி, காலைக் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றச் சொல்லும் வழக்கம் இருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு தொல்லையைக் கொடுக்கும்போது இன்னொரு தொல்லையை எடுத்துவிட்டால் மனம் இணங்கும்.

தளங்களில் பொதுக் கணக்கு ஒன்று இருக்கும் என்று ஊகிக்கிறேன். தளத்தின் பெயரில் ஒரு முகவரி, கடவுச்சொல் சுவரில் ஒட்டிய காகிதத்தில். பொறியாளர், மேற்பார்வையாளர், பண்டகக் காப்பாளர் எல்லோரும் அதையே பயன்படுத்துவார்கள். யார் எந்தக் கடிதத்தை அனுப்பினார் என்று பின்னால் சொல்லவே முடியாது. வேலையை விட்டுப் போனவருக்கும் கடவுச்சொல் தெரியும். முகவரி அப்படியே இருக்கட்டும். அதைப் பகிர்ந்த அஞ்சல்பெட்டியாக மாற்றி, நேரடியாக உள்நுழைவதைத் தடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து அதைத் திறக்கும்படி செய்யுங்கள். பகிர்ந்த பெட்டிக்கு 50 ஜிபி வரை தனி உரிமம் தேவையில்லை.

கணினிப் பராமரிப்பவர் அன்றாடம் அஞ்சல் படிக்கும் அதே கணக்கில் நிர்வாகி உரிமையும் இருந்தால், அதை இந்த வாரமே பிரியுங்கள். உரிமையாளரின் கணக்கில் மரியாதைக்காகக் கொடுத்த நிர்வாகி உரிமையையும் எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு மட்டும் இரண்டு தனி நிர்வாகக் கணக்குகள் இருக்கட்டும்; அவற்றின் சாவிகளை அலுவலகப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

உங்கள் பெயரில் பிறர் அஞ்சல் அனுப்புவதைத் தடுக்க உங்கள் இணைய முகவரியின் அமைப்பில் சேர்க்க வேண்டிய எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் உண்டு. டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, உங்கள் பில் மென்பொருள் போன்றவை தடைபடவில்லை என்று தெரிந்த பின் நிராகரிப்பு நிலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பலர் கண்காணிப்பு நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் பயன் இல்லை. எழுத்தை மாற்றிப் பதிந்த போலி முகவரியையோ, உண்மையிலேயே திறந்து கிடக்கும் அஞ்சல்பெட்டியையோ இது தடுக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கோப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்ல வேண்டும். வரைபடங்களை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று பகிர்ந்து, அந்த இணைப்பைக் குழுக்களில் போட்டுவிடுவது இந்தத் தொழிலில் எங்கும் நடக்கிறது. கட்டடம் முடிந்து ஆட்கள் குடியேறிய பிறகும் இணைப்பு உயிரோடு இருக்கும். வேலைக்கொரு தனி இடம் ஒதுக்கி, வெளியாரைப் பெயர் சொல்லி விருந்தினராகச் சேர்த்து, பகிர்வுக்கு முடிவு தேதி வையுங்கள். விலைப் பகுப்பாய்வும் ஒப்பந்தப்புள்ளிக் கணக்கும் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் பகிர்வுகளை மூடுவதையும், வேலை முடியும்வரை நிறுத்தி வைக்கும் பிடித்தத் தொகையை விடுவிக்கும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை உங்கள் தொழிலில் யாரும் மறப்பதில்லை.

மைக்ரோசாஃப்ட் 365-இன் கோப்புச் சேமிப்பிடமான ஷேர்பாயிண்டில் நீக்கப்பட்ட கோப்பு 93 நாட்கள் வரை மீட்புத் தொட்டியில் இருக்கும். தொட்டியிலிருந்தும் நீக்கப்பட்ட அஞ்சலுக்கு, நீங்கள் மாற்றாவிட்டால், 14 நாட்கள்தான். கட்டுமான வழக்குகளோ ஆண்டுகள் கழித்து வருகின்றன. ஆகவே தனிக் காப்பு நகல் ஒன்று வேண்டும்.

புதிய மென்பொருள் இப்போது வேண்டாம். முதலில் உங்களிடம் இருப்பது எந்தத் திட்டம் என்று பாருங்கள். பிசினஸ் பிரீமியம் என்றால், இடத்தையும் கருவியையும் பார்த்து அனுமதிக்கும் வசதியும், போலி இணைப்புகளைச் சோதிக்கும் வசதியும், தொலைந்த தொலைபேசியிலிருந்து நிறுவனத் தகவலை அழிக்கும் வசதியும் அதிலேயே இருக்கின்றன. கீழ்த் திட்டம் என்றால், வேறொன்றை வாங்குவதற்கு முன் அதற்கு உயர்த்துவதை யோசிக்கலாம். இதைப் பராமரிப்பவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மேலே சொன்ன பெரும்பாலான வேலைகளை அவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், அந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அழைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கியில் அதை நிறுத்தக் கேளுங்கள். உரிமையாளருக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதும், யார் தவறு என்று பேசுவதும் அதற்குப் பிறகு. அடுத்த அழைப்பு காவல்துறைக்கு. வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அதற்குப் பதிலும் எழுதாதீர்கள். மெக்யூவன் பல்கலைக்கழகம் சில நாட்களுக்குள் கண்டுபிடித்ததால், போன பணத்தில் பெரும்பகுதியைத் தேடி மீட்க முடிந்தது. வங்கியின் அந்த எண்ணை இன்றைக்கே விசாரித்து, உங்கள் மேசைக்கு அருகே, பணம் அனுப்பும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.